ஆளுக்குப் பாதிக் கட்டம்

குறுக்கெழுத்துப் புதிரை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதச் சொன்னீர்கள். நான் நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் நான். எதையும் நேராகத் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை.

விளையாட்டு உங்களுக்குத் தெரியும். ஒரே கட்டம், இரண்டு தாள். முதல் தாளில் இடமிருந்து வலம் போகும் சொற்கள் மட்டும் நிரப்பியிருக்கும். இரண்டாவதில் மேலிருந்து கீழ் இறங்கும் சொற்கள் மட்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஆளுக்குப் பாதி. "டூ டவுன் என்ன?", அதாவது மேலிருந்து கீழ் இரண்டாம் எண் சொல் என்ன, என்று இவர் கேட்க, அந்தச் சொல்லைச் சொல்லாமல் அதன் பொருளை அவர் இங்கிலீஷில் விளக்க வேண்டும். தாளைக் காட்டக் கூடாது. தமிழ் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

நான் இதை முதன்முதலில் ஒன்பதாம் வகுப்பில் செய்தேன். ராத்தல் கணக்கில் கர்வத்தோடு ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, இரண்டு தாளையும் பாகூர் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். ஒரு தாள் இன்னொன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டது எனக்கும் தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. வகுப்பில் அத்தனை பேர் கையிலும் ஒரே பாதி.

"டூ டவுன் இன்னா?"

"எங்கிட்டயும் அதான்டா இல்ல."

இந்த உரையாடல் எல்லா பெஞ்சிலும் ஒரே நேரத்தில் நடந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. தப்பு தெரிந்துவிடக் கூடாதே என்று பெஞ்சு பெஞ்சாக ஓடி, விடுபட்ட ஒவ்வொரு சொல்லையும் நானே நடித்து, நானே விளக்கி, 'யானை'க்குக் கையைத் தும்பிக்கையாகக்கூட ஆட்டிக் காட்டினேன். மணி அடித்தபோது என் சட்டை பிழிகிற மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியை நின்றிருந்தார்.

"இன்னா சார், உங்களுக்கு நல்லா இங்கிலீஷ் பேச வந்துடுச்சா?" என்றார்.

அந்த நாற்பது நிமிடத்தில் இங்கிலீஷ் பேசிய ஒரே ஆள் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தம்மா என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். ஆனால் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்வார். "ஜோடி போட்டுட்டா போயி நாற்காலில உக்காருங்க. கூப்புட்டா எழுந்திருங்க. கூப்புடறதுக்கு முன்னாடி எழுந்தீங்கன்னா, அது புள்ளைங்களுக்காவ இல்ல, உங்களுக்காவ."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன். சொன்னபடி நடப்பதில்தான் தகராறு. அந்தத் தகராறு எவ்வளவு தூரம் போனது என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு, வில்லியனூர் போகும் வழியில் உள்ள ஒரு மருத்துவமனையில் புதுக் கட்டடம் எழுந்தது. வரவேற்பு மேசைக்குப் பெண்கள் தேவை. பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்திருந்தால் போதும். ஆனால் நேர்முகத்தில் இங்கிலீஷில் நோயாளியை விசாரித்துக் காட்ட வேண்டும். ஒருத்தர் மேசைக்காரராக, இன்னொருத்தர் நோயாளியாக நடிக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் சிலர் பள்ளிக்கு வந்து கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்பு அறையைத் திறந்து வைத்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் குடும்பப் பெண்கள். குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள்.

அவர்களில் மூத்தவர் அமுதா. முப்பத்தெட்டு வயது. அந்த வேலைக்கு நாற்பதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். கணவருக்கு மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டு, கரும்பு லோடு வேலை நின்றுபோயிருந்தது. முதல் நாளே என்னிடம் சொன்னார்: "சார், எனக்கு இதான் கடைசி பஸ்சு. இத வுட்டா அவ்ளோதான்." அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பேனாவை அவர் பிடித்திருந்த பிடியில் சிரிப்பு இல்லை.

இரண்டாவது ஞாயிறு ஜோடி போட்டேன். இதில் என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். விண்ணப்பங்களைப் புரட்டியபோது அமுதாவின் கதவு எண் பன்னிரண்டு, கவிதா என்றொரு பெண்ணின் கதவு எண் பன்னிரண்டு ஏ. இருவரும் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள், ஒரே நிறுத்தத்தில் இறங்குகிறார்கள். அடுத்தடுத்த வீடு, வீட்டிலும் சேர்ந்து படிப்பார்கள் என்று எண்ணி, "அமுதா, கவிதா, நீங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடி" என்று அறிவித்தேன்.

மற்ற பெண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

மல்லிகா என்று ஒருவர். வகுப்பிலேயே வாய் அதிகம். எனக்கு அடுத்தபடியாக என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக மேசைக்கு வந்தார். "சார், அவங்க ரெண்டு பேரும் ஓரகத்திங்க."

"நல்லதாப் போச்சே."

"இன்னா நல்லது? மூணு வருஷமா பேசறதில்ல."

எங்கள் பக்கத்தில் 'பேசறதில்ல' என்பது வெறும் கோபம் இல்லை. அதற்கு ஒரு ஒழுங்குமுறை உண்டு. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவசரமாக ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், ஆளிடம் சொல்லக் கூடாது. சுவரிடமோ கோழியிடமோ சொல்ல வேண்டும். "ஏ சொவரே, மாடு அவுத்துகினு போவுது" என்றால் சுவர் கேட்கிறதோ இல்லையோ, கேட்க வேண்டியவர் வந்து மாட்டைப் பிடித்துக் கட்டுவார். யாரும் சபதத்தை மீறியதாக ஆகாது.

காரணத்தையும் மல்லிகாவே சொன்னார். அமுதாவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இருந்தது, பங்காளிகள் பெயர் இருந்தது, ஊரில் இல்லாத அத்தை பெயர்கூட இருந்தது. அமுதா கணவரின் கூடப் பிறந்த தம்பி, அதாவது கவிதாவின் கணவர் பெயர் மட்டும் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போச்சு என்பது அமுதாவின் பக்கம். வேண்டுமென்றே விட்டது என்பது கவிதாவின் பக்கம். அந்த வருடமே பொது வீட்டின் நடுவில் சுவர் எழும்பியது. பன்னிரண்டு இருந்த இடத்தில் பன்னிரண்டு ஏ பிறந்தது இப்படித்தான்.

"பிரிச்சி வுட்டுடுங்க சார்" என்றார் மல்லிகா. "இல்லன்னா பேப்பரு கிழியும்."

பிரிக்கலாம் என்றுதான் எழுந்தேன். அதற்குள் இருவரும் எதிரெதிரே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அமுதா என்னைப் பார்த்து, "சார், த்ரீ டவுன் இன்னான்னு கேளுங்க" என்றார்.

கவிதா என்னைப் பார்த்து, "அதுக்கு வீலு இருக்கும்னு சொல்லுங்க சார்" என்றார்.

"எத்தினி வீலுன்னு கேளுங்க."

"நாலுன்னு சொல்லுங்க."

கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பட்டம் படித்து, பி.எட். முடித்து, இத்தனை வருடம் வேலை செய்து, கடைசியில் நான் சுவர் ஆகியிருக்கிறேன்.

"தமிழ் கூடாது!" என்று கொஞ்சம் அதட்டினேன். "எங்கிட்டயும் சொல்லக் கூடாது. ஒருத்தருக்கொருத்தர் இங்கிலீஷ்ல சொல்லுங்க."

கவிதா பேனாவைக் கீழே வைத்தார். முப்பத்தொரு வயது, மெலிந்த முகம், நேராகப் பார்க்கிற கண். "சார், ஒரு டவுட்டு. இங்கிலீஷ்ல பேசுனா அது பேசுனதாவுமா?"

பதின்மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கேள்வி கிண்டல் இல்லை. நான் ஆகும் என்று சொன்னால் கவிதா எழுந்து போய்விடுவார். அமுதா இவருக்கு முன்பே போய்விடுவார். ஆகாது என்று சொல்ல நான் யார்? அந்தக் குடும்பத்துக்கு நான் பங்காளியா, பஞ்சாயத்தா? ஆசிரியர் பயிற்சியில் இந்தக் கேள்விக்கு மாதிரி விடை எதுவும் கொடுத்திருக்கவில்லை.

"ஆகாது" என்றேன். "இது பயிற்சிதானே. கணக்குல வராது."

அமுதா ஜன்னலைப் பார்த்துச் சிறிது யோசித்தார். பிறகு தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்று வருடத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தன் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "வாட் ஈஸ் த்ரீ டவுன்?"

"பேஷன்ட் சிட். யூ புஷ்."

"வீல்சேர்."

"எஸ்."

நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். தலைமையாசிரியை சொன்னது நினைவுக்கு வந்ததால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், கவிதா இன்னொரு டவுட்டு கேட்டுவிடுவாரோ என்று பயந்துதான்.

அடுத்த ஞாயிறுகளில் அந்த ஜோடிதான் வகுப்பிலேயே வேகமான ஜோடி. மற்ற பெண்கள் சினேகிதிகள். பாதிப் புதிரில் பேச்சு பருப்பு விலைக்குப் போய்விடும். இவர்களுக்குப் பேச வேறு எதுவும் அனுமதி இல்லாததால் புதிரையே பேசினார்கள். சண்டையும் போட்டார்கள்.

"யூ ராங்!"

"யூ ஃபர்ஸ்ட் ராங்!"

"ஆல்வேஸ் யூ!"

அதற்கு மேல் போக இருவரிடமும் சொல் இல்லை. மூன்று வருடப் பகையை நடத்த மொத்தமாக ஒரு கைப்பிடி இங்கிலீஷ்தான் கையிருப்பு. கோபம் பாதி வழியில் நின்று, சொல் கிடைக்காமல் தவித்து, கடைசியில் சிரிப்பாக முடிந்ததை நான் நாற்காலியிலிருந்தே பார்த்தேன். சிரித்தது இங்கிலீஷிலா தமிழிலா என்று யாரும் கேட்கவில்லை.

இத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தேனா?

நேர்முகத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. எனக்குள் ஒரு சமாதானத் தூதுவன் கண் விழித்தான். புதிர் இவ்வளவு செய்ததென்றால் மீதியையும் அதுவே செய்யாதா? சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு தனிக் கட்டம் தயாரித்தேன். அந்த ஜோடிக்கு மட்டும். அழைப்பிதழ், தம்பி, பெயர், சுவர், மன்னிப்பு. ஐந்துக்கும் இங்கிலீஷ் சொற்கள், ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் பிணைந்து, பார்க்க அழகாக வந்தது. என் மனைவியிடம் காட்டினேன். "இது உங்களுக்குத் தேவையா?" என்று மட்டும் கேட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை. கவிதா கேட்டார்: "வாட் ஈஸ் ஒன் அக்ராஸ்?"

அமுதா தன் தாளைப் பார்த்தார். ஒரு சொல்லைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு தாளை மடித்தார். நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். எழுந்து என் மேசைக்கு வந்து அதை வைத்தார்.

"எங்க வூட்டு வெவகாரத்த கட்டத்துல போட்டுட்டீங்களா சார்?"

"இல்லம்மா, நான் நல்லதுக்குத்தான்…"

"படிக்கலாம்னு வந்தன் சார். எல்லாத்தையும் வெளிய வுட்டுட்டுதான் இந்த பெஞ்சில வந்து குந்தனேன். இங்கயும் அதே சொவத்த கட்டிட்டீங்க."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். பையை எடுத்துக்கொண்டு போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் வெயிலில் தனியாக நின்றார். கடைசி பஸ் என்று அவர் சொன்ன வேலையிலிருந்து அவரை இறக்கிவிட்டவன் நான்தான்.

வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். மல்லிகாகூட ஒன்றும் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது மல்லிகாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். கவிதா மட்டும் நின்றார்.

"நான் போயி மன்னிப்பு கேட்டுட்டு வரேம்மா" என்றேன்.

"வாணாம் சார். நீங்க வந்தா தெருவே வந்து வேடிக்கை பாக்கும். அப்புறம் அவங்க சாவுற வரைக்கும் வரமாட்டாங்க." பையைத் திறந்தார். "அடுத்த வாரத்து புதிரு போட்டுட்டீங்களா?"

போட்டிருந்தேன். மருத்துவமனைச் சொற்கள் மட்டும் உள்ள சாதாரணப் புதிர். காய்ச்சல், கட்டு, மாத்திரை, அவசரம்.

"ரெண்டு பாதியும் குடுங்க."

கொடுத்தேன். இந்தத் தடவை இடமிருந்து வலம் உள்ள பாதியை அவர் பைக்குள் வைத்துக்கொண்டார். மற்றப் பாதியைப் பார்க்காமல் கவிழ்த்து மடித்தார். "இத நான் பாக்கமாட்டன் சார். பாத்தா அவங்க இல்லாமயே முடிச்சிடுவன் இல்ல?" என்றார்.

மாலை அந்தச் சுவரோரம் நடந்ததை எனக்கு வெகு நாள் கழித்து அமுதாவே சொன்னார். துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போயிருக்கிறார். சுவருக்கு மேல் ஒரு கை தெரிந்திருக்கிறது. ஒரு தாள் இந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. எடுக்கவில்லையாம். அந்தப் பக்கத்திலிருந்து குரல்: "வாட் ஈஸ் டூ டவுன்?"

இவர் தன் பாட்டுக்குத் துணியை மடித்திருக்கிறார்.

"வாட் ஈஸ் டூ டவுன், ப்ளீஸ்?"

இந்த 'ப்ளீஸ்' நான் சொல்லிக்கொடுத்ததுதான். அதுவரை அந்த ஜோடி ஒரு தடவைகூட அதைப் பயன்படுத்தியதில்லை. துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, தாளை எடுத்துத் தூசி தட்டி, அமுதா சொல்லியிருக்கிறார்: "பாடி ஈஸ் ஹாட்."

"ஃபீவர்."

"எஸ்."

அந்த வாரம் முழுக்க அந்தச் சுவர் ஒரு வகுப்பறையாக இருந்தது. முன்பு நான் சுவராக இருந்தேன், பிறகு சுவர் வாத்தியார் ஆனது. என்னைவிட நன்றாகத்தான் நடத்தியிருக்கிறது. குறுக்கே எழுந்து வரவில்லை பாருங்கள்.

கடைசி ஞாயிறு அமுதா வந்தார். என் மேசைப் பக்கம் பார்க்காமல் நேராகத் தன் பெஞ்சுக்குப் போனார். அன்று புதிரை ஒதுக்கிவிட்டு நேர்முக ஒத்திகை வைத்தேன். மருத்துவமனையிலிருந்து ஒரு நோயாளிப் பதிவுப் படிவம் வாங்கி வைத்திருந்தேன். இடமிருந்து வலமாகக் கட்டம் கட்டமாக இருந்தது. கட்டத்துக்கு ஓர் எழுத்து. அமுதா மேசைக்காரர். கவிதா நோயாளி.

"குட் மார்னிங். ப்ளீஸ் சிட்."

"தேங்க் யூ."

"யுவர் நேம்?"

"கவிதா."

"ஏஜ்?"

"தர்ட்டி ஒன்."

அமுதா அடுத்த வரிக்கு வந்தார். படிவத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சத்தியமாக இந்தத் தடவை நான் வைத்ததில்லை. எல்லா மருத்துவமனைப் படிவத்திலும் இருக்கிற வரிதான். எழுந்து போய் அந்த வரியைத் தாண்டச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"ஹஸ்பண்ட் நேம்?" என்றார் அமுதா.

கவிதா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முருகவேல்."

"ஸ்பெல்லிங், ப்ளீஸ்."

அமுதாவுக்கு அந்தப் பெயரை எழுத ஸ்பெல்லிங் தேவையில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் கையால் சோறு தின்ற கொழுந்தன். ஆனாலும் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"எம்" என்றார் கவிதா.

அமுதா முதல் கட்டத்தில் எழுதினார்.

"யூ."

எழுதினார்.

"ஆர்."

ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் பத்து எழுத்து எழுதியிருப்பேன். கோடு கோணவில்லை, கட்டத்துக்கு வெளியே போகவில்லை. ஒன்பது எழுத்து. கடைசி எழுத்தை எழுதி முடித்துத் தாளைத் திருப்பி கவிதாவின் பக்கம் நகர்த்தினார். "கரெக்ட்?"

கவிதா கட்டம் கட்டமாக விரலை நகர்த்திப் படித்தார். "கரெக்ட்" என்றார்.

மல்லிகா மூக்கை உறிஞ்சினார். எனக்குச் சொல்ல மூன்று பிரமாதமான வாக்கியம் தயாராக இருந்தது. மூன்றையும் விழுங்கினேன். என் பணிக்காலத்திலேயே நான் எடுத்த மிகச் சிறந்த வகுப்பு அந்த நிமிடம்தான். அதில் நான் ஒன்றுமே செய்யவில்லை.

அமுதாவுக்கு வேலை கிடைத்தது. கவிதாவுக்கு முதல் தடவை கிடைக்கவில்லை. அடுத்த முறை ஆள் எடுத்தபோது மருந்துப் பிரிவில் கிடைத்தது. விண்ணப்பம் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் முழங்கால் வலிக்காக அந்த மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மேசையில் அமுதா. கண்ணாடி போட்டிருக்கிறார், முன்பைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். என்னைத் தெரிந்தும் தெரியாத மாதிரி, "யுவர் நேம், ப்ளீஸ்?" என்றார். சொன்னேன். "ஸ்பெல்லிங்?" என்றார். வேண்டுமென்றேதான். எட்டாக மடித்த தாளுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது போலும். பணிவாக ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

பின்னால் மருந்து ஜன்னலில் கவிதா தெரிந்தார். ஆவல் தாங்கவில்லை. என்னதான் ஓய்வு பெற்றாலும் வாய் ஓய்வு பெறுமா?

"இப்பல்லாம் ரெண்டு பேரும் பேசறீங்களாம்மா?" என்று குனிந்து கேட்டேன்.

அமுதா படிவத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இல்லயே சார். இங்கிலீஷ்லதான். அதான் கணக்குல வராதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே."

நான் இன்னும் ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். அவர் பேனாவால் எதிர்ச் சுவரோரம் காட்டினார். நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன.

"ப்ளீஸ் சிட், சார். கூப்புட்டா எழுந்து வாங்க."

போய் உட்கார்ந்தேன்.